வள்ளுவருக்குத் திறந்த கதவு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு கையில் காபித் தம்ளரை வைத்துக்கொண்டு மறு கையால் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தியவன், காபி ஆறி ஆடை கட்டும்வரை அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு நட்சத்திரங்கள் இரண்டு மூன்று இடமிருந்து வலமும் வலமிருந்து இடமுமாக நடை பழகிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு கணக்கு: ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க் வருவதற்காகக் காத்திருக்கிறேன், இத்தனை நொடி ஆயிற்று, மொத்தம் ஒன்றரை நிமிடம் பார்ப்பேன் என்று. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா இன்னும் வரவில்லை என்று பந்தியை நிறுத்தி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி.

ஒன்றரை நிமிடம் ஆயிற்று. பெரியப்பா வரவில்லை, பந்தியும் நடக்கவில்லை. இரண்டு வரிதான் வந்து நின்றது. கன்சோலைத் திறக்க முடியாதாம், சர்வ அதிகாரமும் படைத்த ரூட் கணக்கு பூட்டியிருக்கிறதாம், தொடர வேண்டுமானால் என்டரைத் தட்டலாமாம். தட்டினேன். அதே இரண்டு வரி. மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே. ஏழெட்டுத் தடவை தட்டிய பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுக்களையிலிருந்து, "தனியா உக்காந்து யாரைப் பாத்துச் சிரிக்கிறீங்க?" என்று விசாரணை வந்தது.

லினக்ஸ் பழக்கமில்லாத வாசகருக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் பாதி எழுந்து, மீதி எழ முடியாமல் விழும்போது, சரிசெய்கிறவன் உள்ளே நுழைவதற்கென்று ஒரு சின்ன வாசல் வைத்திருப்பார்கள். படம் கிடையாது, எலி கிடையாது. கறுப்புத் திரையும் கண்சிமிட்டும் ஒரு கோடும் மட்டும். அதில் கட்டளைகளைத் தட்டி, எங்கே கோளாறு என்று பார்க்கலாம். அவசர ஷெல் என்று பெயர். என் வீட்டில் அந்த அவசர வாசலே பூட்டிக் கிடந்தது. இதில் நான் ஆச்சரியப்பட்டிருக்கக் கூடாது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் தீப்பிடித்தால் இறங்கி ஓடுவதற்கென்று பின்பக்கம் ஒரு படிக்கட்டு உண்டு, திருடன் ஏறிவிடக் கூடாதே என்று அதன் இரும்புக் கதவுக்குப் பூட்டு உண்டு, சாவி செயலாளரிடம், செயலாளர் மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதமாக நியூ ஜெர்சியில்.

திருவல்லிக்கேணியில் மேன்ஷன் வாசம் செய்தவர்களுக்கு 1998ஆம் வருஷத்தை நினைவுபடுத்த வேண்டியதில்லை. பத்துக்குப் பத்து அறை, இரண்டு கட்டில், ஒரு கொடி, கொடியில் யாருடைய பனியன் என்று தெரியாத நாலு பனியன். அந்த அறையில் மூன்றாவது ஆளாக ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டியது. பென்டியம் 133, பதினாறு எம்பி ராம், ஒன்று புள்ளி இரண்டு ஜிபி ஹார்ட் டிஸ்க். மூடி போடுவதில்லை. ஒன்று, சூடு, இன்னொன்று, எப்படியும் இரண்டு நாளைக்கு ஒரு தடவை திறக்க வேண்டியிருக்கும். என் அறைத் தோழன் பாளையங்கோட்டைக்காரன், தமிழ் எம்.ஏ., ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். அவன்தான் அதற்கு நக்கீரன் என்று பெயர் சூட்டினான். எப்போது பார்த்தாலும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருந்ததால்.

குற்றம் முழுக்க என்னுடையதுதான் என்பதை அப்போது ஒப்புக்கொள்ளும் வயசில்லை. ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து ஸ்லாக்வேர் லினக்ஸைப் போட்டுக்கொண்டு, விண்டோஸ் வைத்திருப்பவர்களையெல்லாம் பாவப்பட்ட ஜென்மங்களாகப் பார்த்துத் திரிந்த காலம் அது. ராத்திரி சாப்பிட்டு வந்ததும் லினக்ஸின் மையமான கர்னலை கம்பைல் பண்ண விடுவேன். அதுபாட்டுக்கு வரிவரியாக ஓடிக்கொண்டிருக்கும். நான் அதைப் பார்த்தபடியே தூங்கிப்போவேன். காலையில் முடிந்திருக்கும். புதிய கர்னலை இடம் மாற்றிவிட்டு, பெருமிதத்தோடு ரீபூட் அடிப்பேன். லிலோவை ஒரு தடவை ஓட்டிவிட்டு அல்லவா அடிக்க வேண்டும்? அது மறந்திருக்கும்.

லிலோ என்பது அந்தக் காலத்து வாயிற்காப்போன். கர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இடம் மாற்றிவிட்டுச் சொல்லாமல் போனால் பழைய இடத்தில் போய்த் தேடி முழிக்கும். ஆனால் அதனிடம் ஒரு நாகரிகம் உண்டு. தன் பெயரின் நாலு எழுத்தையும் ஒவ்வொரு கட்டத்துக்கு ஒரு எழுத்தாகத் திரையில் எழுதும். முதல் எழுத்தோடு நின்றால் இரண்டாம் கட்டத்தை எடுக்கவே முடியவில்லை. இரண்டு எழுத்தோடு நின்றால் எடுத்தது, ஓடவில்லை. மூன்றோடு நின்றால் ஓடியது, கர்னல் இருக்குமிடத்தின் பட்டியலைப் படிக்க முடியவில்லை. நாலும் வந்தால் நல்ல காலம். நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரி நான் எழுத்தை எண்ணுவேன். பாளை பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, "ஏல, இன்னைக்கு எத்தனை எழுத்து?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

அப்படி நின்ற நாட்களில் கைகொடுப்பதற்காகத்தான் மீட்பு ஃப்ளாப்பி. அதை நினைத்தால் இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் கேட்கிறது. உள்ளே தள்ளியதும் ஒரு 'டக்', பிறகு அரிசி களைவது போல ஒரு சரசரப்பு, நடுநடுவே தொண்டையைச் செருமுவது போல ஒரு 'க்ர்ர்'. 1.44 எம்பி என்று மேலே அச்சடித்திருந்ததே, அதுகூடப் பொய்க்கணக்கு: 1440ஐ 1024ஆல் பெருக்கி வந்த தொகையை ஒரு தடவை 1024ஆலும் ஒரு தடவை ஆயிரத்தாலும் மாற்றி மாற்றி வகுத்தால்தான் 1.44 வரும். அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு முழு லினக்ஸை அடக்க உலகமெங்கும் ஆட்கள் மல்லுக்கட்டினார்கள். புரூஸ் பெரன்ஸ் டெபியன் லினக்ஸின் மீட்பு ஃப்ளாப்பிக்காகக் கருவிகளையெல்லாம் ஒரே சுருக்குப்பையில் கட்டி பிஸிபாக்ஸ் என்று கொடுத்தார். டாம் என்று ஒருவர் ஃப்ளாப்பியையே அளவுக்கு மீறி இழுத்து 1.722 எம்பியாக ஃபார்மட் செய்து அதில் குடித்தனம் வைத்தார். நான் செய்தது அவ்வளவு சூரத்தனமில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பூட் ஃப்ளாப்பி ஒன்று, ரூட் ஃப்ளாப்பி ஒன்று எழுதி, மேலே பேனாவால் 'ஆபத்பாந்தவன் 1', 'ஆபத்பாந்தவன் 2' என்று எழுதிப் பெட்டியில் வைத்திருந்தேன்.

முதல் ஆபத்து வந்தபோது ஆபத்பாந்தவன் 1 ஒழுங்காக வேலை செய்தது. ரூட் ஃப்ளாப்பியைப் போட்டு என்டரைத் தட்டு என்றது. போட்டேன். தட்டினேன். க்ர்ர். க்ர்ர். க்ர்ர்ர். படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டது. ஒரு டிரைவின் தலை சற்றே கோணலாக இருந்தால் அது எழுதியதை அது மட்டும்தான் படிக்கும் என்பதும், ஆபீஸ் டிரைவ் அந்தக் கோணல் ஜாதி என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. திருவல்லிக்கேணிக் கடல்காற்றில் பூத்த பூஞ்சையும் கொஞ்சம் ஒத்துழைத்திருக்கலாம். வாலாஜா சாலை வழியாக வெயிலில் நடந்து ரிச்சி தெருவுக்குப் போய், ஒரு கடையில் கெஞ்சி புதிதாக எழுதி வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியில் சட்டைப் பையில் அது வளைந்துவிடுமோ என்று கோழிக்குஞ்சைப் போலப் பொத்திக்கொண்டு வந்தேன். மீட்க வந்ததே மீளாமல் கிடப்பது ஏதோ இன்றைய அலங்கோலம் என்று நான் புலம்பினால் நம்பிவிடாதீர்கள். அன்றைக்கே ஒழுங்காக நடந்த கதைதான்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருந்தது. உள்ளே விடுவதில் அன்றைய லினக்ஸ் தாராளம். லிலோவின் நாலு எழுத்தும் வந்து நிற்கும் இடத்தில் 'லினக்ஸ் சிங்கிள்' என்று தட்டினால் பெரும்பாலும் நீங்கள் யார், எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் ரூட்டாக உட்கார வைத்துவிடும். திண்ணை வைத்த வீடு மாதிரி.

கேட்கும் சந்தர்ப்பமும் உண்டு. மின்வெட்டு. அப்போதைய ஈஎக்ஸ்டி2 ஃபைல் சிஸ்டம், கரண்ட் போனால் போன இடத்திலேயே எழுத்தைப் பாதியில் விட்டுவிடும். திரும்ப எழும்போது எஃப்எஸ்சிகே வந்து முழு ஹார்ட் டிஸ்க்கையும் தடவிப் பார்க்கும். சின்ன அடி என்றால் தானே கட்டுப் போட்டுக்கொள்ளும். பெரிய அடி என்றால் கையை விரித்து, நீயே வந்து பார், பராமரிப்புக்காக ரூட் பாஸ்வேர்டைக் கொடு என்று மரியாதையாகக் கேட்கும். கொடுத்தால் கேள்விமேல் கேள்வி. இதை அழிக்கட்டுமா? அதைச் சேர்க்கட்டுமா? எதற்கும் 'ஒய்' என்றுதான் பதில். வேறு பதில் சொல்ல எனக்கு என்ன தெரியும்? நூறு தடவை, இருநூறு தடவை. விரல் நோகிறதென்று அந்த எழுத்தின் மேல் தலைவலித் தைல டப்பாவை வைத்துவிட்டு டீ குடிக்கக் கீழே போவேன். கட்டளையோடு ஒரே ஒரு 'ஒய்' சேர்த்துவிட்டால் எல்லாக் கேள்விக்கும் அதுவே ஆமாம் போட்டுக்கொள்ளும் என்று எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று. எல்லாம் முடிந்த பிறகு, பெற்றோர் தெரியாத துண்டுகளையெல்லாம் தொலைந்ததும்-கிடைத்ததும் என்கிற பெயர்கொண்ட ஒரு ஃபோல்டரில் எண் போட்டு அடுக்கி வைத்திருக்கும். பரணில் ஏறி உட்கார்ந்தவன் மாதிரி அதைக் கிளறிக்கொண்டிருப்பது ஒரு சுகம். ஒரு தடவை, நான் அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருந்த வேலை விண்ணப்பத்தின் கீழ்ப்பாதி அங்கே கிடைத்தது.

அந்த ரூட் பாஸ்வேர்ட் விஷயத்தில் எனக்குக் கர்வம் அதிகம். மேன்ஷனில் மற்றவர்கள் நாலு எழுத்து, ஐந்து எழுத்து என்று வைத்துக்கொண்டிருந்தபோது நான் 'திருவல்லிக்கேணி' என்று முழுசாக, ஆங்கில எழுத்தில் பதினாலு எழுத்துக்கு வைத்திருந்தேன். உடைக்கவே முடியாது என்று மொட்டை மாடியில் பிரசங்கமே செய்திருக்கிறேன்.

ஒரு ராத்திரி எனக்கு ஆபீஸில் நைட் ஷிப்ட். அறையில் பாளை நக்கீரனில் சிடி போட்டுப் பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கரண்ட் போனது, வந்தது, நக்கீரன் எழாமல் ரூட் பாஸ்வேர்ட் கேட்டு நின்றது. காலையில் நான் திரும்பியபோது அறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பாளை குறட்டை விட்டுக்கொண்டிருந்தான், கீபோர்டின் மேல் தைல டப்பா. உலுக்கி எழுப்பினேன். என் பெயரை, என் அப்பா பெயரை, மெஸ் பெயரையெல்லாம் போட்டுப் பார்த்தானாம். கடைசியில் நமக்குத் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிடுவோம் என்று 'திருவள்ளுவர்' என்று தட்டினானாம். திறந்துவிட்டதாம். "ஏல, உன் வீட்டுச் சாவி வள்ளுவர்ட்டயும் ஒண்ணு இருக்குல்லா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இரண்டு நாள் அவன் புளுகுகிறான் என்றே நினைத்தேன். பிறகு நானே போட்டுப் பார்த்தேன். திறந்தது. அந்தக் காலத்து முறையில் பாஸ்வேர்டின் முதல் எட்டு எழுத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். ஒன்பதாவதிலிருந்து நீங்கள் என்ன தட்டினாலும் அது காற்றோடு போகும். டி, எச், ஐ, ஆர், யூ, வி, ஏ, எல். ஆங்கில எழுத்தில் அந்த எட்டு வரைக்கும் பேட்டையும் புலவரும் ஒன்றே. நான் பிரசங்கம் செய்த மொட்டை மாடிக்கு அப்புறம் ரொம்ப நாள் போகவில்லை.

காலம் நல்லதாகத்தான் மாறியது, அதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். 2001இல் ஈஎக்ஸ்டி3 கர்னலோடு சேர்ந்தது. மளிகைக் கடையில் முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள் இல்லையா, அதே தந்திரம். கரண்ட் போனால் சிட்டையைப் பார்த்துச் சில நொடியில் கணக்கைச் சரிசெய்துவிடும். தைல டப்பா தலைவலிக்கே திரும்பிப் போயிற்று. லிலோ போய் கிரப் வந்தது. 2010இல் வந்த சிஸ்டம்டி எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் தொடங்கி, நொடிக்கணக்கில் கம்ப்யூட்டரை நிமிர்த்தி உட்கார வைத்தது. ரூட்டாக நுழைவதே ஆபத்து, அவரவர் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு அவ்வப்போது அதிகாரத்தைக் கடன் வாங்கினால் போதும் என்று பல லினக்ஸ்களில் ரூட் கணக்குக்கு பாஸ்வேர்டே இல்லாமல் பூட்டிவிட்டார்கள். நியாயமான காரியம்தான். என்ன, அவசர ஷெல் மட்டும் இன்னும் பழைய ஆசாமி. அது ரூட்டின் பாஸ்வேர்டைத்தான் கேட்கும். இல்லாத பாஸ்வேர்டை வள்ளுவரே வந்தாலும் எப்படிச் சொல்வார்? என் கம்ப்யூட்டர் எழும்போது முதலில் நினைவகத்தில் விரித்துக்கொள்ளும் இனிட்ராம்எஃப்எஸ் மூட்டை மட்டும் அறுபது எம்பி. ஃப்ளாப்பியில் ஏற்றினால் நாற்பதுக்கு மேல் வேண்டும். அத்தனை சாமான் இருந்தும் வாசலில் நிற்கிற வீட்டுக்காரனுக்கு ஒரு மணை போட வழியில்லை.

பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது என் வீட்டில் மட்டும் நடப்பதுமில்லை. 2024 ஜூலை 19 அன்று, ஒரு பாதுகாப்பு மென்பொருளின் புதுப்பிப்பு ஒன்று ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைக் கவிழ்த்துப் போட்டதே, ஞாபகமிருக்கிறதா? விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பரிகாரம் ஒரே ஒரு ஃபைலை அழிப்பதுதான். ஆனால் அதற்கு மீட்புச் சூழலுக்குள் நுழைய வேண்டும். நுழைய, பல இடங்களில் 48 இலக்கச் சாவி ஒன்று வேண்டும். அந்தச் சாவியைச் சேமித்து வைத்திருந்த கம்ப்யூட்டரும் சில இடங்களில் கவிழ்ந்து கிடந்தது.

என் கதைக்கு வருகிறேன். குற்றவாளி யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முந்தின நாள் ராத்திரி பழைய போட்டோக்கள் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, ஒவ்வொரு தடவையும் அது தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளட்டும் என்று எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி சேர்த்திருந்தேன். பிறகு டிஸ்க்கைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். வரவில்லை என்றாலும் பரவாயில்லை என்பதற்கு 'நோஃபெயில்' என்று ஒரு சொல் உண்டு, அதைச் சேர்க்கவில்லை. லிலோவை ஓட்ட மறந்த அதே ஆள்தான். இப்போது மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறான்.

மகள் தூங்கி எழுந்து வந்து, போனால் திரையை ஒரு படம் எடுத்தாள். "அப்பா, ஃபார்மட் பண்ணிட்டுப் புதுசாப் போட்ருங்க. பத்து நிமிஷம்." அவள் வேலை பார்ப்பது கிளவுடில். அங்கே ஆயிரம் கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு ஜுரம் வந்தால் வைத்தியம் கிடையாது. அதைக் கொன்றுவிட்டு இன்னொன்றை எழுப்புவார்கள். அவற்றுக்கு எண்தான், பெயர் கிடையாது. நக்கீரன் என்று பெயர் வைத்ததைச் சொன்னேன். "எதுக்குப்பா?" என்றாள்.

கிரப்புக்குள் நுழைந்து ஒரு வரியை மாற்றினால் போதும் என்று தெரியும். ஆனால் கிரப் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. மகள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த வயர்லெஸ் கீபோர்ட். என் கம்ப்யூட்டரில் அது பேச வேண்டுமென்றால் லினக்ஸ் பாதியாவது எழுந்திருக்க வேண்டும். பரணில் ஏறினேன். பழைய குக்கருக்கும் கொலுப்படிக்கும் நடுவில், ஊதா நிறத்தில் வட்டச் செருகி வைத்த கீபோர்ட் ஒன்று கிடந்தது. 1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்த செருகி அது. என் மதர்போர்டின் முதுகில் அதற்கான துளை இன்னும் இருந்தது. இதைச் செருகும்போது எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டானதை மறைக்க மாட்டேன். 2025 அக்டோபரில் வந்த ஒரு விண்டோஸ் 11 புதுப்பிப்பு, மீட்புச் சூழலில் யூஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் செயலிழக்க வைத்தது. ஒரு வாரத்துக்குள் சரிசெய்தார்கள். அந்த ஒரு வாரம், பரணில் இந்த வட்டச் செருகி வைத்திருந்தவன்தான் ராஜா.

எஸ்கேப்பை அழுத்தி, மெனுவைப் பிடித்து, 'ஈ' தட்டி, கர்னல் வரியின் கடைசியில் 'இனிட் ஈக்வல்டு ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் பாஷ்' என்று சேர்த்தேன். கண்ட்ரோல் எக்ஸ். நாலே நொடியில் கறுப்புத் திரையில் ரூட்டின் குறி வந்து நின்றது. பாஸ்வேர்ட் கேட்கவில்லை. யார், எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. வீட்டுக்காரனை நிறுத்தி வைத்த வாசலுக்கு அத்தனை பெரிய பூட்டு. கொல்லைப்புறம், தெரிந்தவன் எவன் வந்தாலும், 1998இல் இருந்தது போலவே ஒருக்களித்துத்தான் கிடந்தது. டிஸ்க்கை எழுதும் நிலைக்கு மாற்றி, எஃப்எஸ்டேபைத் திறந்து, ஒரு காற்புள்ளியும் ஒரு சொல்லும் சேர்த்து மூடினேன். ரீபூட். நட்சத்திரம் நடக்கவில்லை. பெரியப்பா வராமலே பந்தி நடந்தது.

சாயங்காலம் பாளைக்குப் போன் போட்டேன். ஊரோடு போய்க் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து இப்போது ஓய்வுக்குக் காத்திருக்கிறான். முழுக் கதையும் கேட்டான். "வள்ளுவரைப் போட்டுப் பாத்தியா?" என்றான். கணக்கே பூட்டியிருந்ததை மறுபடி விளக்கினேன். "அப்ப மொதல்ல ஒரு சாவி செஞ்சு வைல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

செய்து வைத்தேன். ரூட்டுக்கு ஒரு பாஸ்வேர்ட்: அதே திருவல்லிக்கேணி, அதே பதினாலு எழுத்து. பிறகு, வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் ரூட்டாக நுழைந்து பார்க்கலாமென்று, பெயர் கேட்ட இடத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு, பாஸ்வேர்ட் கேட்ட இடத்தில் 'திருவள்ளுவர்' என்று நிதானமாகத் தட்டினேன்.

திறக்கவில்லை. இப்போதெல்லாம் பதினாலு எழுத்தையும் பார்க்கிறது.

இதை எழுத உட்காருவதற்கு முன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.